தைத்தவள் பிரிக்கட்டும்

அக்கா,

உங்கள் மெத்தை உறையைத் துவைத்துக் கொடியில் போட்டிருக்கிறேன். மூன்று தண்ணீர் அலசியும் வாசம் போகவில்லை. தேங்காய் எண்ணெய், அதற்கடியில் காய்ந்த இலவங்காய் ஓடு, எல்லாவற்றுக்கும் மேலே காட்டமாக ஒரு தைலம். பாப்பா அந்த ஈரத் துணிக்குள் புகுந்து புகுந்து ஓடிவிட்டு வந்து கேட்டாள், "ஏம்மா, இதுல வேற அம்மா வாசம் அடிக்குது?"

என்ன சொல்வது? "ஆமா, வேற அம்மாதான்" என்றேன்.

நீங்கள் போனது போன ஐப்பசியில். இது வைகாசி. ஏழு மாதம் கழித்து எழுதுகிற கடிதத்தைத் தாமதம் என்று சொல்வதுகூடச் சலுகைதான். உண்மையில் இது மூன்று வருடத் தாமதம். எழுதக்கூட வேண்டியதில்லை. எங்கள் மெத்தைக் கடைக்கும் உங்கள் பஞ்சு குடோனுக்கும் நடுவே இருந்தது அரை மைல். எந்த நாளும் நடந்து வந்து சொல்லியிருக்கலாம்.

உங்கள் சாவு வீட்டுக்கு வந்தேன். கடமலைக்குண்டில் பாதிக் கடைகள் அன்று சாத்தியிருந்தார்கள். வருசநாட்டுப் பக்கம் காய் பறிக்கிறவர்கள் வேனில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் உங்கள் கால்மாட்டில் நின்றேன். முகத்தைப் பார்க்கவில்லை. பாப்பாவுக்கு வீசிங் என்று சொல்லிவிட்டு உடனே கிளம்பினேன். அன்றைக்கு அவளுக்கு வீசிங் இல்லை, அக்கா. பிள்ளையின் மூச்சை வைத்துப் பொய் சொன்னேனே என்று வீடு போய்ச் சேரும்வரை என்னையே திட்டிக்கொண்டு போனேன். போனதும் அவள் முதுகில் காது வைத்துக் கேட்டேன். சுத்தமாக இருந்தது. அப்படியும் நம்பாமல் மறுபடி கேட்டேன். நான் அப்படித்தான் என்று உங்களுக்குத் தெரியும்.

நாம் இருவரும் சிநேகிதிகள் இல்லை. அதையும் எழுதிவிட வேண்டும். உங்கள் குடோனிலிருந்து மதுரை, திருச்சி என்று லாரி போகும். எங்கள் கடையில் மாதத்துக்கு ஏழெட்டு மெத்தை, கொஞ்சம் தலையணை. நீங்கள் மாசியிலேயே மரத்தோடு காயைப் பேசி முடித்துவிடுவீர்கள். நாங்கள் உங்களுக்குப் பிறகு மிஞ்சுகிற காய்க்கு ஓடுவோம். அந்த எரிச்சலில்தான் கல்யாணமாகி வந்த புதிதில் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன். 'பெரிய குடோன், பெரிய பேச்சு. சின்னக் கடை, சுத்தப் பஞ்சு.' பத்து நிமிடத்தில் உங்கள் போன் வந்தது.

"காலேஜ் படிச்ச பிள்ளதான நீ?"

"ஆமாக்கா."

"ஒரு குடோன்னு போட்டிருக்க. எனக்கு ரெண்டு இருக்குத்தா. திருத்திப் போடு."

வைத்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரர் பக்கத்திலிருந்து என்ன என்ன என்று கேட்கிறார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஸ்டேட்டஸை மட்டும் அழித்தேன்.

அதற்கடுத்த வருடம் பங்குனியில்தான் அந்த மழை. காய் வெடித்துப் பஞ்சு வெளியே தொங்குகிற நேரத்தில் நான்கு நாள் விடாமல் பெய்தது. மரத்திலேயே பஞ்சு நனைந்து, கறுத்து, பிசின்போல ஓட்டோடு ஒட்டிக்கொண்டது. மழைக்கு முன்னால் பறித்த காய் யாரிடம் இருக்கிறதோ அவர்களிடம்தான் பஞ்சு. அப்படி இருந்தது நீங்கள் ஒருவர். சித்திரை, வைகாசி இரண்டும் கல்யாண மாதம். சீருக்கு மெத்தை கேட்டு வருகிறவர்களிடம் இல்லை இல்லை என்று சொன்னால் அடுத்த வருடம் எங்கள் கடைப் படியை மிதிக்க மாட்டார்கள்.

கடையை மூடினால் அவர் திருப்பூருக்குப் போவதாக இருந்தார். அங்கே ஒரு பனியன் கம்பெனியில் அவருடைய சிநேகிதர் இடம் சொல்லி வைத்திருந்தார். பாப்பாவுக்கு எட்டு மாதம். வாரம் ஒருமுறை நெஞ்சு இழுக்கும். அவர் தேனி ஆஸ்பத்திரிக்குப் பைக்கை முறுக்க, பின்னால் நான் அவளை மார்போடு அணைத்து, மூச்சை எண்ணிக்கொண்டே போவேன். அவர் இல்லாமல் அந்தப் பைக்கை யார் ஓட்டுவது? எனக்குக் கடை என்றால் அதுதான். அந்த மனிதரை ஊரில் நிறுத்தி வைத்திருக்கிற கயிறு.

அப்போது நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். ஆண்டிபட்டி, தேனி, உத்தமபாளையம் என்று சின்னக் கடைக்காரர்கள் ஏழு பேர் உங்கள் களத்தில் வந்து நின்றோம். காய் காயப்போடும் அந்தக் களம் அன்றைக்கு வெறிச்சென்று கிடந்தது. உத்தமபாளையம் பாய் காதோடு சொன்னார், "கடையச் சாத்தச் சொல்லப் போறாகளா, வெலைக்குக் கேக்கப் போறாகளான்னு தெரியலையே." உங்களுக்குக் காது கூர்மை.

"பாய், உங்க கடைய வாங்கினா உங்க பேச்சையும்ல சேத்து வாங்கணும்? எனக்குக் கட்டாது."

எல்லோரும் சிரித்தோம். பயத்தில் சிரித்த சிரிப்பு. பிறகு நீங்கள் பேசியது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது.

"உங்க மேல எனக்கு ஒண்ணும் பாசம் பொங்கிக்கிட்டு வரல. நீங்க ஏழு பேரும் கடையச் சாத்துனா சனம் எங்கிட்ட வரும்னு நெனைக்கிறீகளா? வராது. ஒரு வருசம் ஃபோம் மெத்தைல படுத்துப் பழகிட்டா இலவம் பஞ்சையே மறந்துரும். அப்பறம் நான் மட்டும் இங்கன உக்காந்து யாருக்கு விக்க? உங்களக் காப்பாத்தல, என்னயக் காப்பாத்திக்கிறேன். வாங்குன வெலைக்கே தாரேன். ஆளுக்கு நாலு மூட்டை."

நீங்கள் விரல் இரண்டைக் காட்டினீர்கள்.

"ரெண்டே பேச்சு. எம்பேரச் சொல்லி விக்கக் கூடாது. உங்க மெத்தை உங்க பேருல போகட்டும். அடுத்தது, கலக்கக் கூடாது. பத்தலையா, எங்கிட்ட வந்து பத்தலன்னு சொல்லுங்க. இருந்தாத் தாரேன், இல்லேன்னா இல்லேம்பேன்."

பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டே மூட்டை எடுக்க உள்ளே வந்தேன். வீட்டில் விட ஆளில்லை. பஞ்சு அடிக்கிற அறையிலிருந்து தூசி பனிபோல வந்துகொண்டிருந்தது. நீங்கள் வாசலிலேயே மறித்தீர்கள்.

"ஏத்தா, கூறு இருக்கா உனக்கு? பஞ்சு பறக்குற எடத்துக்குப் பச்சப் பிள்ளையத் தூக்கிட்டு வர்ற. குடு இங்கிட்டு."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போய்விட்டீர்கள். நான் நாலு மூட்டையையும் எடை பார்த்து ஆட்டோவில் ஏற்றி முடிக்கும்வரை, மற்ற ஆறு கடைக்காரர்களும் உங்களைத் தேட, நீங்கள் என் பிள்ளையின் முதுகில் காதை வைத்தபடி நின்றிருந்தீர்கள். திருப்பித் தரும்போது, "பூனை கத்துற மாதிரி சத்தம் வருது. ராத்திரி தலைய ஒசத்திப் போடு" என்றீர்கள். ஸ்டேட்டஸைப் பற்றி ஒரு சொல் இல்லை. கேட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன்.

நம் பக்கத்து வழக்கம் தெரியாதவர்கள் இதைப் படித்தால் புரியாது என்பதால் அதையும் எழுதுகிறேன். மெத்தை தைக்கும்போது ஒரு மூலையைக் கை நுழைகிற அளவுக்குத் தைக்காமல் விடுவோம். வாங்க வருகிறவர்கள் அதில் கையை விட்டு ஒரு சிட்டிகை பஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதுவார்கள். இலவம் பஞ்சு என்றால் ஊதினதும் பறக்கும். மில்லில் மிஞ்சுகிற கழிவுப் பஞ்சு என்றால் கையிலேயே கிடக்கும். பறந்ததைப் பார்த்து அவர்கள் தலையாட்டிய பிறகுதான் அவர்கள் முன்னாலேயே மூலையைத் தைத்து மூடுவோம். ஒவ்வொரு கடைக்கும் ஒரு நூல். உங்களுக்கு வெள்ளை. எங்களுக்குச் சிவப்பு.

நாலு மூட்டையில் எட்டு மெத்தை வரும். நான் பதினொன்றுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து நிற்கும்போது வாய் தானாக "ஆகட்டும்" என்கிறது. உங்களிடம் வந்து பத்தவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லச் சொன்னீர்கள். ஸ்டேட்டஸ் போட்ட கையை இரண்டாவது தடவை நீட்ட எனக்கு வரவில்லை. ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு மில்லிலிருந்து கழிவுப் பஞ்சு இரண்டு மூட்டை வந்தது. நான்தான் நிரப்பினேன். மூலைகளில், ஓரங்களில் உங்கள் பஞ்சு. நடுவில் கழிவு. எல்லாவற்றிலும் இல்லை, நாலு மெத்தையில். யார் மெத்தையின் நடுவில் கைவிட்டுப் பார்க்கப் போகிறார்கள்?

இதில் இன்னொன்று. வடுகபட்டியிலிருந்து ஒரு பூண்டு வியாபாரி மகள் கல்யாணத்துக்கு மெத்தை எடுக்க வந்தார். மூலையில் கைவிட்டார், ஊதினார், பறந்தது. அப்படியும் யோசித்துக்கொண்டே நின்றார். நான் சொன்னேன், "பெரிய குடோன் பஞ்சுண்ணே. அக்கா கையால குடுத்தது." உடனே எடுத்துக்கொண்டார்.

நீங்கள் சொன்ன இரண்டு பேச்சையும் ஒரே மெத்தையில் மீறினேன்.

ஒன்றரை மாதத்தில் அது நடுவில் கட்டி கட்டியாகத் திரண்டுவிட்டது. பூண்டு வியாபாரி என் கடைக்கு வரவில்லை. மெத்தையை ஆட்டோவில் போட்டு நேரே உங்களிடம் போனார். உங்கள் களத்தில் வேலை பார்க்கும் பாண்டியம்மா மறுநாள் பஸ்ஸுக்கு நிற்கிற சாக்கில் கடைக்குள் வந்து இதைச் சொன்னது.

"பூண்டுக்காரரு என்னா சத்தம்ங்கிற! 'கடைக்காரி சின்னப்பிள்ள, அதுக்கு என்னா தெரியும்? நீங்க குடுத்த பஞ்சுதான் மோசம்'ன்னு குதிக்கிறாரு. அக்கா வந்து மூலைத் தையலப் பிரிச்சு, கைய விட்டு எடுத்து ஊதுனாக. பறந்துச்சு. அப்பறம் தோள்பட்ட வரைக்கும் கைய உள்ள விட்டு நடுவுல இருந்து ஒரு பிடி எடுத்தாக."

"பெறகு?"

"ஊதல புள்ள. கைய மூடிக்கிட்டாக. 'எம்பஞ்சுதான், எந்தப்புதான், வேற மெத்தை எடுத்துட்டுப் போங்க'ன்னுட்டாக. புதுசு ஒண்ணத் தூக்கிக் குடுத்தாச்சு."

சொல்லிவிட்டுப் பாண்டியம்மா என் முகத்தையே பார்த்தது. நான் பாப்பாவுக்கு மருந்து கொடுக்க நேரமாகிவிட்டது என்று எழுந்தேன்.

மீதி மூன்று மெத்தையையும் அடுத்த வருடப் பஞ்சு வந்ததும் தேடிப் போய் மாற்றிக் கொடுத்தேன். அதை ஒரு நியாயமாக மனத்துக்குள் வைத்துக்கொண்டேன். உங்களிடம் மட்டும் வரவில்லை. இன்றைக்கு வந்து கத்துவீர்கள், நாளைக்குக் கத்துவீர்கள் என்று காத்திருந்தேன். மற்ற ஆறு பேரிடமும் சொல்லிவிடுவீர்கள், அத்தோடு முடிந்தது, அவர் திருப்பூர் பஸ்ஸில் ஏற வேண்டியதுதான் என்று இருந்தேன். நீங்கள் சொல்லவில்லை. ஆடி போயிற்று, ஆவணி போயிற்று, வருடம் இரண்டும் போயிற்று. வழியில் பார்க்கும்போதெல்லாம் நீங்கள் கேட்டது ஒன்றே ஒன்று.

"பாப்பா மூச்சு எப்பிடி இருக்கு?"

கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பீர்கள். நான் நெபுலைசர், சளி மருந்து, புது டாக்டர் என்று அடுக்குவேன். அடுக்கி முடித்த பிறகும் நீங்கள் கொஞ்சம் நிற்பீர்கள். இப்போது தெரிகிறது, அந்தக் கொஞ்சம் எனக்காக விட்டு வைத்த இடம். மூலையைத் தைக்காமல் விடுகிற மாதிரி. ஒவ்வொரு தடவையும் "சரிக்கா, வாரேன்" என்று நானே தைத்து மூடினேன்.

பிறகு போன ஐப்பசியில் ஒரு நாள் களத்திலேயே சாய்ந்துவிட்டீர்கள் என்றார்கள்.

இந்தப் பங்குனியிலும் மழை பிடித்துக்கொண்டது. மூன்று வருடத்துக்கு முன் பெய்த அளவு இல்லை, ஆனாலும் பஞ்சு கறுத்துவிட்டது. இப்போது குடோனில் உட்காருவது உங்கள் மகள் கவிதா. கோயம்புத்தூர் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டாள். சின்னக் கடைக்காரர்களுக்கெல்லாம் அம்மா கொடுத்த மாதிரியே கொடுக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினாள். எனக்கு உயிர் வந்தது. அதற்கடுத்த நாள் அவளே ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே ஒரு மெத்தை.

"அக்கா, இது அம்மா மத்தியானத்துல களத்து ரூம்ல படுக்குறது. ஒரே கட்டி. 'மெத்தக் கடைக்காரி இப்பிடியாம்மா படுப்ப, பிரிச்சு அடிச்சுப் போடுவோம்'னு எத்தனையோ வாட்டி சொல்லிட்டேன். விடவே மாட்டாக. 'தச்சவ வந்து பிரிக்கட்டும்'பாக. செவப்பு நூலு உங்களோடதுதான?"

பச்சைக் கோடு போட்ட துணி. வடுகபட்டிக்காரர் மகளுக்கு என்று நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த துணி.

"ஆமா, என்னோடதுதான்" என்றேன்.

"அம்மா ஞாபகமா வச்சிக்கிறேங்க்கா. புதுப் பஞ்சு போட்டுத் தாங்க." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உங்களை மாதிரியே கட்டை விரலில் பஞ்சு நார் ஒட்டியிருந்தது.

இரண்டு வாரம் அதைப் பின்னறையில் சாய்த்து வைத்தேன். பாப்பாவை அந்த அறைப் பக்கமே விடவில்லை. பிறகு ஒரு மத்தியானம், அவள் பால்வாடிக்குப் போயிருந்தபோது, மூலையில், நீங்கள் பிரித்து அதே துளைகளில் மறுபடி கோத்திருந்த என் சிவப்பு நூலை அறுத்தேன். முதலில் உங்கள் பஞ்சு வந்தது. மூன்று வருடமாகியும் பட்டுப்போல. கையை உள்ளே விட்டேன். நடுவில், நீங்கள் இடுப்பை வைத்துப் படுக்கிற இடத்தில், ஒவ்வொரு கட்டியும் களிமண் உருண்டை மாதிரி. நான் திணித்தது. அதன் மேல்தான் நீங்கள் தினமும் படுத்தீர்கள். வெளியே போட்டிருந்தால் வேறு எவராவது எடுத்துப் பிரித்திருப்பார்கள், ஊர் முழுக்கச் செய்தி போயிருக்கும் என்றுதானே வைத்துக்கொண்டீர்கள்? அல்லது நான் வருவேன் என்றா? கேட்கிறேன். பதில் வராது என்று தெரிந்த பிறகுதான் கேட்கவே தைரியம் வருகிறது.

அவரிடம் சொன்னேன். "கவிதாகிட்டச் சொல்லப் போறேன்."

"பஞ்சு குடுக்குற நேரத்துலயா? ஒனக்கென்ன கிறுக்கா? செத்தவுக எந்திரிச்சு வந்தா கேக்கப் போறாக?"

"அவுக கேக்க மாட்டாகன்னுதான் மூணு வருசம் சும்மா இருந்தேன்."

"வாங்கிட்டுச் சொல்லு. மூட்டை கைக்கு வந்த பெறகு சொல்லு."

அவர் சொன்னது கெட்ட யோசனை என்று எனக்குப் படவில்லை, அக்கா. ரொம்ப நல்ல யோசனையாகப் பட்டது. ஒரு ராத்திரி முழுக்க அது நல்ல யோசனையாகவே இருந்தது. காலையில் பாப்பாவுக்குத் தலை சீவும்போதுதான் உறைத்தது. இதுவும் மூலையில் நல்லது, நடுவில் கழிவு.

கழிவுப் பஞ்சை ஒரு பையில் அள்ளிக்கொண்டு போனேன். கவிதா எடை மேடை பக்கத்தில் நின்றிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். பைக்குள் கைவிட்டு ஒரு கட்டியை எடுத்து உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"எங்கம்மாவுக்குக் கடைசி ரெண்டு வருசமா இடுப்பு வலி" என்றாள். "தெரியுமா உங்களுக்கு? எத்தன டாக்டரு. ஒருத்தரு எலும்புத் தேய்மானம்னாரு. ஒருத்தரு நரம்புன்னாரு. லீவுக்கு வர்றப்பல்லாம் தைலம் தேய்ச்சுத் தேய்ச்சு எங்கை காந்தும். எங்க படுக்குறீங்கன்னு ஒருத்தருமே கேக்கலையேக்கா."

நான் நின்றேன். காலில் விழலாமா என்று தோன்றியது. அதுகூட ஒரு சுலபமான வழியாகப் பட்டது.

"நீங்க போங்க" என்றாள்.

ஐந்து நாள். உத்தமபாளையம் பாய் மூட்டை ஏற்றிக்கொண்டு எங்கள் கடை வழியாகத்தான் போனார். ஆண்டிபட்டிக்காரர் போனார். ஆட்டோ சத்தம் கேட்கும்போதெல்லாம் என் வீட்டுக்காரர் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்க்காமல் உள்ளே போவார். திருப்பூர் சிநேகிதரோடு போனில் பேசத் தொடங்கினார், மெதுவாக, கொல்லைப்புறத்தில் நின்று. பாப்பா இரவில் இருமினால் எழுந்து உட்கார்ந்துகொள்வேன். இந்த மனிதர் போய்விட்டால் இந்தப் பிள்ளையோடு எப்படி என்று. ஆனாலும் ஏன் சொன்னோம் என்று மட்டும் தோன்றவில்லை. அது ஒன்றுதான் அந்த ஐந்து நாளில் எனக்கே ஆச்சரியம்.

ஆறாம் நாள் பாண்டியம்மா வந்தது. உட்காரவில்லை.

"கவிதாப் பிள்ள சொல்லுச்சு. உனக்கும் பஞ்சு உண்டாம். ஆனா மூட்டையாத் தராதாம். துணியத் தச்சு எடுத்துக்கிட்டு அங்கன வந்து, களத்துல வச்சு, எல்லாரு கண்ணு முன்னாடியும் நெரப்பிட்டுப் போகணுமாம்."

அவர், "அசிங்கப்படுத்துறாக" என்றார்.

"போறேன்னு சொல்லுங்க பாண்டியம்மா" என்றேன்.

முதல் நாள் உங்கள் மெத்தையைத்தான் நிரப்பினேன். பழைய உறையைத் துவைக்க அப்போது கை வராததால் அதே பச்சைக் கோட்டுத் துணியில் புது உறை தைத்திருந்தேன். பாப்பாவை அவர் கடையிலேயே வைத்துக்கொண்டார். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு களத்தில் உட்கார்ந்தேன். மூட்டை ஏற்ற வந்த பாய் ஆட்டோவை நிறுத்திவிட்டுப் பார்த்தார். "என்னம்மா, பரீட்ச எழுதுற மாதிரி நடுவுல உக்காத்தி வச்சிருக்காக?" என்றார். "பெயிலான பாடம் பாய், மறுபடி எழுதுறேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ புரிந்திருக்க வேண்டும். வண்டியை எடுத்தார்.

நிரப்பி முடித்துப் பழக்கத்தில் ஒரு மூலையைத் தைக்காமல் விட்டேன். கவிதா வந்தாள். மூலையைப் பார்த்தாள். அதில் கையை விடவில்லை. என் கத்தரிக்கோலை எடுத்து மெத்தையின் நடு முதுகில் ஒரு சாண் வெட்டினாள். புதுத்துணி கிழிகிற சத்தத்துக்குப் பாண்டியம்மா "ஆத்தாடி" என்றது. முழங்கைவரை உள்ளே விட்டு ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் வைத்து ஊதினாள்.

பறந்தது. வேப்பமரம்வரை போனது, பாப்பாவை வைத்துக்கொண்டு நீங்கள் நின்ற இடத்துக்கு.

மன்னித்தேன் என்றோ, சரி என்றோ அவள் சொல்லவில்லை. நடந்து போய்விட்டாள். அன்றிலிருந்து இன்றுவரை என்னை அக்கா என்று கூப்பிடவில்லை. "இந்தாங்க", "வாங்க" என்று மொட்டையாகத்தான் பேசுகிறாள். தினமும் போகிறேன். தினமும் நடுவில் கைவிட்டுப் பார்க்கிறாள். வெட்டக்கூட வேண்டாம் என்று இப்போது நானே நடுவில் ஒரு கை அளவு தைக்காமல் விடுகிறேன். அவள் பார்த்த பிறகு சிவப்பு நூலில் மூடுகிறேன். கடைக்கு வருகிறவர்களுக்கும் அப்படித்தான். நேற்று ஒரு அம்மா, "என்னத்தா இது, மெத்தைக்கு வயித்துல ஆபரேசன் பண்ணிருக்க?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "கைய விட்டுப் பாருங்கம்மா" என்றேன். தையல் முதுகில் உறுத்தும் என்று இரண்டு பேர் வாங்காமல் போய்விட்டார்கள். அதுவும் நடக்கிறது. அவர் இன்னும் திருப்பூர் போகவில்லை. போக மாட்டார் என்றும் சொல்ல முடியாது.

வெட்டுப்பட்ட உங்கள் புது மெத்தையைத் தைத்துக் கவிதா வீட்டில் சேர்த்துவிட்டேன். அதில் யாரும் படுப்பதில்லையாம். இந்தப் பழைய உறையைக் கேட்பாளா என்று தெரியவில்லை. காய்ந்ததும் மடித்து எடுத்துக்கொண்டு போவேன்.

அந்தக் கழிவுப் பஞ்சில் ஒரு கட்டியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். தையல் மெஷின் டிராயரில், சிவப்பு நூல் கண்டுகளோடு கிடக்கிறது. நீங்கள் கையை மூடிக்கொண்டதுபோல நானும் ஒருநாள் அதைக் கையில் வைத்து மூடிப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. விரித்து ஊதினேன்.

பறக்கவில்லை, அக்கா. கையிலேயே இருக்கிறது.